லோரன் ஓட்டிய காரின் நிறம்

1957 செப்டம்பரில், மாவட்டத் திருவிழாவின் கடைசி நாள் பந்தயத்தில், லோரன் ஸ்ட்ரவுடின் ஆறாம் எண் கார் மூன்றாம் வளைவுக்குள் லோரனோடு போயிற்று, நான்காம் வளைவிலிருந்து லோரன் இல்லாமல் வெளியே வந்தது. இருக்கையில் ஆள் இல்லை என்பதைத் தவிர அதன் ஓட்டத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. முன்னால் போன ஒருவரைத் தாண்டி இரண்டாவதாகக் கோட்டைக் கடந்தது. மரியாதைக்கு இன்னொரு சுற்று சுற்றிவிட்டுத் தன் ஆட்கள் நின்ற இடத்துக்கு வந்து தானாக நின்றுகொண்டது. நடுவர்கள் கூடிப் பேசினார்கள். காருக்கு இரண்டாம் இடம் கொடுப்பதில் தடையில்லை, ஓட்டியவருக்குக் கொடுப்பதை அவர் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. மூன்றாம் வளைவில் எழுந்த தூசி அடங்கட்டும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அது அடங்கவில்லை. மறுநாள் நல்ல மழை பெய்தது, அப்போதும் அடங்கவில்லை. இரண்டு தானியக் கொட்டகை உயரத்துக்கு, பாலில்லாத காப்பியின் நிறத்தில், எழுந்த இடத்திலேயே நாற்பத்தொரு வருஷம் நின்றது. அந்தப் பக்கம் துணி காயப்போடக் கூடாது என்பதை இண்டியானாவிலுள்ள எங்கள் பிளம் ஃபோர்க் ஊர்ப் பெண்கள் சீக்கிரமே தெரிந்துகொண்டார்கள்.

லோரனின் மனைவி வெல்டா அன்று ஊரில் இல்லை. முதல் பிரசவம் சிக்கலாக இருக்கும், படுத்த படுக்கையாக இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டதால் ஆகஸ்ட் முதலே டெரா ஹோட் நகரில் அக்கா வீட்டில் இருந்தாள். குழந்தை பிறந்து, உட்காரத் தெம்பு வந்த பிறகுதான் அவளிடம் விஷயத்தைச் சொன்னார்கள். அன்றைக்கே கைக்குழந்தையோடு பஸ் ஏறி வந்துவிட்டாள். வீட்டில் இரண்டு மாற்றங்களைக் கண்டாள். கொட்டகையில் கார் நின்றது. ஆனால் அதன்மேல் பொட்டு வண்ணம் இல்லை, மொட்டைத் தகரமாக நின்றது. அலமாரியில் அவளுடைய குளிர்காலக் கோட்டில் இரண்டாவது பொத்தானைக் காணவில்லை. பொத்தானுக்குச் சலவைக்காரரைத் திட்டினாள். வண்ணத்தைப் பற்றி லோரனின் மெக்கானிக் க்ளீட்டஸிடம் கேட்டாள். "அந்தச் சூட்டுல உரிஞ்சு போச்சும்மா" என்று அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

பிறகு அவள் தூசியின் ஓரத்துக்குப் போய்க் கணவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். இதை அதுவரை யாரும் செய்து பார்க்கவில்லை. க்ளீட்டஸ் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு உள்ளே போய் மறுபக்கமாக வெளியே வந்திருந்தார், இருமலைத் தவிர எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று ஓர் ஆண்பிள்ளைக்கும் தோன்றவில்லை.

"வெல்டாவா? நீ எங்க இங்க? படுத்தே இருக்கணும்னு டாக்டர் சொன்னாரே!" என்று உள்ளிருந்து குரல் வந்தது. குரலில் ஒரு கவலையும் இல்லை, கொஞ்சம் மூச்சு வாங்கியது, அவ்வளவுதான்.

"அதெல்லாம் ஆச்சு. பொண்ணு பொறந்திருக்கா. நீ முதல்ல வெளிய வா."

"வண்டிய விட்டுட்டா? வண்டியில்லாம நடந்து வந்தா என்னை எவன் மதிப்பான்? இங்கதான் எங்கேயோ விட்டுட்டேன், தேடிட்டிருக்கேன்."

காரைத் தள்ளிக்கொண்டு வந்து காட்டினார்கள். தூசிக்குள் காலடிச் சத்தம் ஓரம்வரை வந்து நின்றது. பிறகு, "இந்தத் தகரமா? இது என்னோடது இல்ல. என் வண்டி நிறம் எனக்குத் தெரியாதா?" என்றது குரல்.

"அது என்ன நிறம்? சொல்லித் தொலையேன்."

அவன் சிரித்தான். "உங்கிட்டச் சொல்லிடுவேனா? நீ வந்து பார்த்து வாயப் பொளக்கணும்னுதானே மாசம் முழுக்க மூடி மூடி வெச்சேன். நீயே வந்து பாரு."

அன்றிலிருந்து வெல்டாவின் வாழ்க்கையில் செய்ய வேண்டியது ஒன்றுதான் என்று ஆகிவிட்டது. காருக்கு அதன் நிறத்தைத் திருப்பிக் கொடுத்தால் புருஷன் வீட்டுக்கு வருவான். ஊரே பார்த்த கார், நிறத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்வது என்ன கம்ப சூத்திரமா என்று நினைத்தாள். க்ளீட்டஸைக் கேட்டாள். சிவப்பு, மஞ்சள் பட்டை என்றார். சக்கரம் மாற்றும் ஆர்வில், வெண்ணெய் நிறம், மூக்கு மட்டும் நீலம் என்றான். ஒலிபெருக்கியில் பந்தயத்தை வர்ணித்தவர் கறுப்பு என்று அடித்துச் சொன்னார். பாதிரியார் சற்று யோசித்து, திராட்சை ரசத்தின் நிறம் என்றார். எண் ஆறு என்பதில் மட்டும் ஊர் ஒற்றுமையாக இருந்தது. பத்திரிகையில் வந்த படத்தில் கார் சாம்பல் நிறமாக இருந்தது. அந்தப் பத்திரிகையில் எல்லாமே சாம்பல் நிறம்தான்.

வெல்டா தக்காளியை டப்பாவில் அடைக்கும் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தாள். வருஷத்துக்கு ஒரு நிறம் என்று வைத்துக்கொண்டாள். கோடையில் தன் கையாலேயே பூசுவாள். பூசி முடித்த ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்ததும், நாலு பேர் சேர்ந்து காரை மூன்றாம் வளைவுக்குத் தள்ளிக்கொண்டு போவார்கள். உள்ளேயிருந்து அவன் பார்ப்பான். "நல்லாத்தான் இருக்கு. யாரோடது?" என்பான். அந்த வருஷத்து முதல் உறைபனி விழும் காலையில், மேப்பிள் மரங்களோடு சேர்ந்து காரும் தன் வண்ணத்தை உதிர்த்துவிடும். வெல்டா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்ச் சிவப்புச் சருகையோ நீலச் சருகையோ கூட்டி அள்ளுவாள். பொருந்தாத சட்டையை உடம்பு எத்தனை நாள் தாங்கும் என்று அவளே காருக்குச் சமாதானம் சொல்வாள். ஒரு வருஷம், ஏழு வயது ஜூடித் அடம்பிடித்ததால் இளஞ்சிவப்பு பூசினாள். லோரன் சிரித்த சிரிப்பில் தூசி குலுங்கியது. அப்பாவின் சிரிப்பு என்று மகளுக்குக் கிடைத்தது அது ஒன்றுதான்.

எங்கள் பக்கத்துப் பந்தயக்காரர்களைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். தீப்பிடித்த காரிலிருந்து சிரித்துக்கொண்டே இறங்குவார்கள். ஆனால் கார் நிறுத்தும் இடத்தில் ஒரு வேர்க்கடலைத் தோல் கிடந்தால் முகம் வெளுத்துவிடும். பெண் உள்ளே கால் வைக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாகப் பச்சை ஆகாது. பச்சைச் சட்டை போட்டவனைக் கிட்டே சேர்க்க மாட்டார்கள், பச்சைக் காரைப் பக்கத்தில் நிறுத்த மாட்டார்கள். லோரன் போனதற்குக்கூட, ஒஹாயோவிலிருந்து வந்த எவனோ வேர்க்கடலை தின்றதுதான் காரணம் என்று ஊரில் முடிவு கட்டியிருந்தார்கள். அந்த ஒஹாயோக்காரனை நேரில் பார்த்தவர் யாரும் இல்லை.

வருஷங்கள் போயின. பந்தயப் பாதையை மூடிவிட்டார்கள். நிலத்தை வாங்கியவர் அதில் சோயா போட்டார். உழும்போது ஒரு மரத்தைச் சுற்றிப் போவதுபோல் தூசியைச் சுற்றி டிராக்டரைத் திருப்பிக்கொண்டார். ஜூடித் படித்து, கல்யாணமாகி, அரிசோனா போய்விட்டாள். வெல்டாவின் குரல் தடித்தது. ஒரு கோடையில் அவள் கூப்பிட்டபோது, "யாரும்மா நீங்க?" என்று உள்ளேயிருந்து மரியாதையாகக் கேட்டான். நான்தான் வெல்டா என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. தெரிந்தவள் என்று மட்டும் சொன்னாள். நிறத்தைக் கேட்டாள். "தப்பா நினைச்சுக்காதீங்க. உங்ககிட்டச் சொன்னா அவ காதுக்குப் போயிடும். இந்த ஊரு வாயப் பத்தித் தெரியாதா?" என்றான். அந்த ஊர் வாய் அத்தனை வருஷமும் கட்டிக் கிடந்தது அவனுக்குத் தெரியாது.

பழைய பந்தயக் கார்களின் நிற வரலாற்றை ஆராயும் ஒருவர் சிகாகோவிலிருந்து ஒரு முறை வந்தார். ஊரில் பார்த்தவர்களையெல்லாம் விசாரித்தார். விசாரித்த ஆள் எத்தனையோ அத்தனை நிறம் சேர்ந்தது, தலைவலி மாத்திரை கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். பிறகு கொட்டகையில் குனிந்து, பூதக்கண்ணாடி வைத்து, ஒரு திருகாணியின் தலைக்கு அடியில் கடுகளவு பச்சை இருப்பதாகச் சொன்னார். பக்கத்தில் நின்ற க்ளீட்டஸ் கையால் அதைத் துடைத்துவிட்டு, "செம்புக் களிம்பு" என்றார். வெல்டாவும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அந்தக் காரில் செம்பு எங்கே இருக்கிறது என்று அவள் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. 1957 வசந்தத்தில், குளிர் முடிந்த தள்ளுபடியில் புதிதாக வாங்கிய பச்சைக் குளிர்காலக் கோட்டைப் போட்டுக்கொண்டு, கொட்டகை வாசலில் நின்று லோரனிடம் தான் சொன்ன ஒரு பேச்சை அவள் மறக்கவில்லை. "பந்தயக்காரங்க உங்க வீரமெல்லாம் எனக்குத் தெரியும். ஒரு நிறத்துக்குப் பயந்து நடுங்குறவங்கதானே? ஆம்பளையா இருந்தா இந்தக் கோட்டு நிறத்துல பூசு பார்ப்போம்." அவன் சிரித்துவிட்டுப் போய்விட்டான். விளையாட்டுப் பேச்சு. பச்சையின் பக்கம் மட்டும் போகாமல் அவள் எல்லா நிறத்தையும் பூசிப் பார்த்தாள், பழுப்புகூடப் பூசினாள்.

1998 செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை மத்தியானம், ஊர்ச் சாப்பாட்டுக் கடையில் வெல்டா ஆப்பிள் வைத்துச் சுட்ட பை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஆர்வில் உள்ளே வந்தான். அவனுக்கு நினைவு தப்பிப்போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது; மகள் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு திரிவாள். மனைவி செத்தது, தன் வீடு இருக்கும் தெரு எல்லாம் போய்விட்டன. கடைசியாக, அவன் சொல்லிவந்த பொய்யும் போயிருந்தது. வெல்டாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்து நேரே வந்தான்.

"என்ன வெல்டா, இப்ப திருப்திதானே? பச்சையேதான் பூசிட்டான் உன் புருஷன்! நாங்க எல்லாரும் கால்ல விழாத குறை. கேட்டானா? 'என் பொண்டாட்டி கேட்டுட்டா'ங்கிறான். உன் கோட்டுப் பொத்தானைப் பிச்சு எடுத்துட்டுப் போய்க் கடைக்காரன்கிட்டக் காட்டி அதே பச்சையக் கலக்க வெச்சான், கிறுக்கன். பக்கவாட்டுல உன் பேரு வேற, வெள்ளையில!"

கடையில் கரண்டிச் சத்தம் நின்றது. ஆர்விலின் மகள் அவன் கையைப் பிடித்து இழுத்தாள். வெல்டா தட்டிலிருந்த ஆப்பிள் பையை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு முடித்தாள். எழுந்து, நடந்து, க்ளீட்டஸ் வீட்டுக் கொல்லைக்குப் போனாள். அவர் தக்காளிச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். எண்பது தாண்டியவர்.

"பச்சையா, க்ளீட்டஸ்?"

"யார் சொன்னது?"

"ஆர்வில்."

"அவனுக்குத்தான் புத்தி கலங்கிடுச்சே."

"அதனாலதான் சொன்னான். புத்தி தெளிவா இருந்தவங்க யாரும் சொல்லலையே."

க்ளீட்டஸ் கையில் குழாய் இருந்ததை மறந்துவிட்டார், தண்ணீர் அவர் கால்மேலேயே ஓடியது. "அன்னிக்குச் சாயங்காலமே எல்லாரும் சேர்ந்து சுரண்டிட்டோம். நீ கைப்பிள்ளைக்காரி. உன் வார்த்தையாலதான் அவன் பூசினான்னு உங்கிட்ட எப்படிம்மா சொல்றது? பால் வத்திடும், வேற ஏதாவது பண்ணிக்குவியோன்னு பயம். குழந்தை நடக்கட்டும், சொல்லலாம்னோம். பள்ளிக்கூடம் போகட்டும்னோம். அப்புறம்..."

"சொல்றதில்லைன்னு பேசி வெச்சீங்க. என்ன சொல்றதுன்னு பேசி வெக்கலையாக்கும்?"

"அது தோணலை" என்றார் அவர். "வெல்டா, இன்னொண்ணு. உனக்குக் கோவம் வரும். இப்ப நான் கண்ண மூடினா சிவப்புதான் தெரியுது. சத்தியமா. சிவப்பு, மஞ்சப் பட்டை. பச்சையப் பார்த்த மாதிரியே இல்ல."

அவளுக்குக் கோபம் வந்தது. அவரை அடிக்கலாம் போலிருந்தது. அடிப்பதற்கு அந்த உடம்பில் இடமில்லை. ஊரே கூடித் தன்மேல் இரக்கப்பட்டிருக்கிறது, அந்த இரக்கத்துக்குத் தன் இருபத்தெட்டு வயசையும் முப்பதையும் நாற்பதையும் கொடுத்திருக்கிறோம் என்று நினைத்தாள். ஆனால் தானும் கேட்காமல் விட்ட அந்தத் திருகாணி நினைவுக்கு வந்தது. குழாயைத் தானே போய் மூடினாள். "ஞாயித்துக்கிழமை வண்டி தள்ள வாங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

கோட்டின் மிச்சப் பொத்தான்களில் ஒன்றைப் பெயின்ட் கடையில் காட்டினாள். கடைக்காரர் எதற்கு என்று கேட்டார், சொன்னாள். அவர் கலந்து கொடுத்தார். வெள்ளையில் ஆறு போட்டாள். பக்கவாட்டில் தன் பெயரை எழுதும்போது கூச்சமாக இருந்தது, கிறுக்கன் என்று சொல்லிக்கொண்டே எழுதினாள்.

ஞாயிற்றுக்கிழமை சோயா மஞ்சளாகிக் கிடந்த வயலில் ஊர் முழுக்க வந்து நின்றது. பச்சைக் காரைத் தொடப் பயந்தவர்கள் கையுறை போட்டுக்கொண்டு தள்ளினார்கள். க்ளீட்டஸ் வெறுங்கையால் தள்ளினார். வெல்டா பச்சைக் கோட்டைப் போட்டிருந்தாள். அவள் கூப்பிடவில்லை, கூப்பிட வேண்டியிருக்கவில்லை.

"அட, அதோ நிக்குது! எங்கெல்லாம் தேடுறது!"

தூசியிலிருந்து லோரன் கண்ணாடியைத் தலைமேல் தூக்கி விட்டுக்கொண்டு நடந்து வந்தான். கண்ணைச் சுற்றி மட்டும் வெள்ளை வளையம், மற்றபடி தலையிலிருந்து கால்வரை மண். வயது இருபத்தொன்பது. "நகருங்க பெரியவரே" என்று க்ளீட்டஸின் தோளைத் தொட்டு விலக்கினான். காரைச் சுற்றி வந்து பார்த்தான், மூக்கில் செல்லமாகத் தட்டினான். பிறகு வெல்டாவிடம் வந்தான்.

"அம்மா, என் பொண்டாட்டியப் பார்த்தீங்களா? அவ குரல் கேட்டுச்சு. டெரா ஹோட்லேருந்து வந்திருக்கா போல. ஒரு சாமானைத் திருப்பித் தரணும், இல்லேன்னா தோலை உரிச்சிடுவா." பையிலிருந்து ஒரு பொத்தானை எடுத்துக் காட்டினான்.

 வெல்டா தன் கோட்டின் இரண்டாவது பொத்தான் இருக்க வேண்டிய இடத்தை, அறுந்த நூல் இன்னும் நீட்டிக்கொண்டிருந்த இடத்தை, விரலால் தொட்டுக் காட்டினாள். அவன் நூலைப் பார்த்தான். கோட்டைப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்க்க அவனுக்கு வெகுநேரம் பிடித்தது. பார்த்ததும் காரின் சக்கரத்தில் சாய்ந்து மண்ணில் உட்கார்ந்துவிட்டான்.

"ரொம்ப நேரம் ஆயிடுச்சா?"

"கொஞ்சம் ஆயிடுச்சு."

"பொண்ணுன்னு சொன்னியே."

"அவளுக்கு நாப்பத்தொண்ணு. அரிசோனாவுல இருக்கா."

அவன் சுற்றி நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். எல்லோரும் சோயாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இவங்க யாரும் உங்கிட்ட நிறத்தைச் சொல்லலையா?"

"என் மனசு நோகும்னு சொல்லலையாம்."

"நொந்துச்சா?"

"நொந்துச்சு" என்று சொல்லி, அவள் தன் வயதுக்குச் சிரமப்பட்டு அவன் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தாள். அவன் அழுதான். முகத்து மண்ணில் கண்ணீர் இரண்டு வாய்க்கால் வெட்டியது. அவள் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டாள். நடுவர்களில் மிச்சமிருந்த ஒருவர் கூட்டத்திலிருந்து தொண்டையைச் செருமி, ஓட்டியவருக்கும் இரண்டாம் இடம் செல்லும் என்று அறிவித்தார். யாரும் கை தட்டவில்லை.

தூசி அன்றே அடங்கத் தொடங்கியது. ஒரு வாரம் ஊர்மேல் மெதுவாக இறங்கியது. கூரை, கார், அலமாரிக்குள் இருந்த தட்டு எல்லாவற்றிலும் படிந்தது. அந்த வருஷம் முதல் உறைபனிக்கு மேப்பிள் மட்டும்தான் உதிர்த்தது. லோரன் தானியக் கிடங்கில் வேலைக்குப் போகிறான். அரிசோனாவிலிருந்து வந்த ஜூடித், தன்னைவிடச் சின்னவனை என்னவென்று கூப்பிடுவது என்று இரண்டு நாள் திணறிவிட்டு, அப்பா என்றே கூப்பிட்டாள். வெளியூர்க்காரர்கள் சாப்பாட்டுக் கடையில் அவர்களைப் பார்த்துவிட்டு, பேரன் பாட்டியை எவ்வளவு நன்றாகக் கவனித்துக்கொள்கிறான் என்று பாராட்டுவார்கள். கடைக்காரர் உடனே, அவர்கள் புருஷன் பெண்டாட்டி என்று உள்ளதைச் சொல்லிவிடுவார். இந்த விஷயத்தில் எங்கள் ஊருக்குப் புத்தி வந்துவிட்டது.

பொத்தானை லோரனே தைத்தான். பச்சை நூல் வீட்டில் இல்லை, கறுப்பு நூலால் கோணலாகத் தைத்தான். வெல்டா இப்போது பருத்துவிட்டதால் அந்தக் கோட்டை மூட முடிவதில்லை, பொத்தான் அதன் துளைக்கு ஒரு சாண் தள்ளியே நிற்கிறது. அவள் அதைத் திறந்தபடியே போட்டுக்கொண்டு அவனோடு சர்ச்சுக்குப் போய் வருகிறாள்.